சிங்கப்பூரில் ஒரு பகல்: இடைத்தங்கல் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மெல்பர்னில் அக்கா குடியேறிய நாளிலிருந்து, திருச்சியில் விமானம் ஏறிச் சிங்கப்பூர் வழியாகப் போய் வருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. நடுவில் ஆறு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ கிடைக்கும். அதை எப்படிக் கழிப்பது என்று உறவினர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்பார்கள். ஒரே பதிலைத் தொலைபேசியில் பத்து முறை சொன்ன அலுப்பில் இதை எழுதிவைக்கிறேன். விலைகளைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் சொல்வதுபோல வெள்ளியில் தருகிறேன். ஒரு வெள்ளி என்பது ஒரு சிங்கப்பூர் டாலர். அதில் நூறு காசு.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் வெளியே போக விசா வேண்டுமா?

வேண்டும். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து அடுத்த விமானம் ஏறுவதானால் வேண்டாம். குடிநுழைவை, அதாவது இமிகிரேஷன் சோதனையை, தாண்டி ஊருக்குள் போவதானால் கட்டாயம். அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 வெள்ளி; முகவர் கட்டணம் தனி.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஜப்பான், ஜெர்மனி, நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நீண்டகால அனுமதியோ வைத்திருக்கும் இந்தியர்கள், மூன்றாவது நாட்டுக்குப் போகும் வழியிலோ அங்கிருந்து திரும்பும் வழியிலோ 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் நுழையலாம். 96 மணி நேரத்துக்குள் கிளம்பும் உறுதியான டிக்கெட் கையில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்து சென்னைக்கே திரும்புபவருக்கு இது பொருந்தாது. அனுமதிப்பது அதிகாரியின் விருப்பம் என்பதையும் மறக்க வேண்டாம். விசா வகையைப் பொறுத்து நுணுக்கமான நிபந்தனைகள் இருப்பதால், கிளம்பும் முன் சிங்கப்பூர்க் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை.

விசா இருந்தால் போதுமா? வேறு படிவம் ஏதாவது உண்டா?

இணையவழி வருகை அட்டை ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் இறங்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னதாக நிரப்பத் தொடங்கலாம். இது முழுக்க இலவசம். இணையத்தில் தேடினால் பணம் கேட்கும் போலித் தளங்களும் வந்து நிற்கும். கடன் அட்டை எண்ணைக் கேட்டால் தவறான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு விமானத்துக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்திருக்கிறேன். சிக்கல் வருமா?

வரலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று வெவ்வேறு நிறுவனங்களில் எடுத்துவிடுகிறோம். அப்போது முதல் விமானத்தில் போட்ட பெட்டி தானாக இரண்டாவதுக்கு மாறாமல் போகலாம். பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டுமானால் குடிநுழைவைத் தாண்டியாக வேண்டும். அதற்கு விசா தேவை. சென்னையில் வரிசையில் நிற்கும்போது இது தெரியவந்து பயணமே நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும்போதே பெட்டி எதுவரை போகும் என்று கேட்டுவிடுங்கள்.

எத்தனை மணி நேரம் இருந்தால் ஊருக்குள் போகலாம்?

டிக்கெட்டில் இருக்கும் மணிக்கணக்கை அப்படியே நம்பக் கூடாது. இறங்கி, நடந்து, குடிநுழைவு தாண்டி வெளியே வர ஒரு மணி நேரம். ஊருக்குள் போக முக்கால் மணி, திரும்ப முக்கால் மணி. அடுத்த விமானத்துக்கு இரண்டரை மணி முன்னால் சாங்கி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஆக ஐந்து மணி நேரம் போய்விட்டது. பன்னிரண்டு மணி நேர இடைவெளி என்றால் கையில் மிஞ்சுவது ஏழு. எட்டு மணி நேரம் என்றால் மூன்று. ஒரே ஓர் இடத்துக்குத்தான் போதும். ஆறு மணி நேரம் என்றால் நான் வெளியே போகமாட்டேன்.

சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. கைக்கடிகாரத்தைத் திருப்பாமல் உலவி, இன்னும் நேரம் இருக்கிறது என்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்.

வெளியே போகாவிட்டால் விமான நிலையத்தில் என்ன பார்க்கலாம்?

மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது. இலவசத் திரையரங்கு உண்டு. பணம் கட்டிக் குளிக்கும் அறைகளும் உண்டு. இரவெல்லாம் பயணம் செய்து வந்தவருக்கு அந்தக் குளியல் ஒரு சுற்றுலாத் தலத்துக்குச் சமம்.

எல்லோரும் படம் எடுத்துப் போடும் உள்ளரங்க அருவி ‘ஜுவல்’ கட்டடத்தில் இருக்கிறது. 2019இல் திறந்தார்கள், 40 மீட்டர் உயரம். கட்டடம் குடிநுழைவுக்கு வெளியே இருப்பதால் விசா இல்லாதவர் அதனுள் போக முடியாது. ஆனால் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே ஓடும் இலவசக் குட்டி ரயில் அந்தக் கட்டடத்துக்குள்ளே புகுந்துதான் போகிறது. சன்னல் ஓரமாக நின்றால் சில விநாடிகள் அருவி முழுதாகத் தெரியும். ஒரு செய்தி: அதிகாலையில் அருவி விழாது. முற்பகல் பத்து, பதினொரு மணிக்குத்தான் திறந்துவிடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு இறங்கி ஓடிப்போய் வெறும் கண்ணாடிக் கூரையைப் பார்த்துத் திரும்பியவள் நான்.

இலவசச் சுற்றுலா உண்டு என்கிறார்களே?

உண்மைதான். ஐந்தரை மணி முதல் 24 மணி நேரம் வரை இடைவெளி உள்ள இடைத்தங்கல் பயணிகளை, சாங்கி விமான நிலையம் இரண்டரை மணி நேரப் பேருந்துச் சுற்றுலாவுக்கு இலவசமாக அழைத்துப் போகிறது. ஊருக்குள் நுழையும் தகுதி, அதாவது விசாவோ விலக்கோ, உங்களுக்கு இருக்க வேண்டும். தனியாகப் போகத் தயங்குபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இது நல்ல ஏற்பாடு. கடைகளில் நின்று பார்க்க மட்டும் நேரம் கிடைக்காது.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எப்படிப் போவது?

பெருவிரைவு ரயிலில் (எம்.ஆர்.டி.). டாக்சி வசதிதான், ஆனால் விமான நிலையக் கூடுதல் கட்டணம் உண்டு, நள்ளிரவு முதல் காலை ஆறு வரை கட்டணம் ஒன்றரை மடங்கு. ரயிலில் இரண்டு வெள்ளிச் சொச்சத்தில் முடிந்துவிடும்.

டிக்கெட் வாங்க வரிசையில் நிற்க வேண்டாம். தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள ‘விசா’, ‘மாஸ்டர்கார்ட்’ வங்கி அட்டைகளைக் கதவில் காட்டி உள்ளே போகலாம், வெளியே வரலாம். வெளிநாட்டு அட்டைக்குச் சிறு கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே அட்டையை மாற்றி மாற்றித் தட்ட முடியாது. நம் ஊர் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பெரும்பாலும் பூட்டியே இருக்கும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிடுங்கள்.

இனி நான் கடைப்பிடிக்கும் உத்தி. சாங்கியில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, நீல நிறக் கோட்டுக்கு மாறிவிடுவேன். சைனாடவுன், பேஃபிரண்ட், பூகிஸ், லிட்டில் இந்தியா, பொட்டானிக் கார்டன்ஸ் எல்லாம் அந்த ஒரே கோட்டில் இருக்கின்றன. கொஞ்சம் சுற்றிக்கொண்டு போகும். அதனால் என்ன? உட்கார இடம் கிடைக்கும், குளிர்சாதனம் உண்டு, வழி தவற வாய்ப்பே இல்லை. நிலையப் பெயர்கள் தமிழிலும் எழுதியிருக்கும். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி இருப்பதால் முட்டி வலிக்காரர்களுக்கும் தொல்லையில்லை. ரயில்கள் நள்ளிரவுக்கு முன்பே நின்றுவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது?

சாங்கியிலேயே கட்டணப் பாதுகாப்பு அறை இருக்கிறது. உருட்டுப் பெட்டியோடு லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை நடைபாதையில் போவது உங்களுக்கும் தண்டனை, எதிரே வருபவருக்கும் தண்டனை.

ஏழு மணி நேரத்தில் என்னென்ன பார்க்கலாம்?

மூன்று இடம். நான்காவதைச் சேர்த்தால் மூன்றையும் பார்த்ததாக இராது. சென்டோசா தீவு, யுனிவர்சல் கேளிக்கைப் பூங்கா, இரவு விலங்குத் தோட்டம் ஆகியவற்றை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடுங்கள். அவை முழு நாளைத் தின்பவை. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலையைப் பார்க்காமல் வந்தால் ஊரில் கேட்பார்களே என்று கவலைப்படுபவர்களுக்கு: அதன் உயரம் 8.6 மீட்டர், நம் ஊர்ப் பெரிய கோபுரங்களின் பக்கத்தில்கூட வராது. படத்தில்தான் பெரிதாகத் தெரிகிறது.

காலையில் இறங்குபவருக்குக் கடைகள் பத்து, பதினொரு மணிக்குத்தான் திறக்கும் என்பது முதல் தடை. அந்த நேரத்துக்குப் பொட்டானிக் கார்டன்ஸ் பொருத்தம். 1859இல் தொடங்கிய தோட்டம், 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதிகாலை ஐந்து மணிக்கே திறக்கிறது, நுழைவு இலவசம். ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். பிறகு லிட்டில் இந்தியா, அடுத்து சைனாடவுன். மாலையில் இறங்கி நள்ளிரவில் கிளம்புபவருக்குக் கணக்கு வேறு. அவர் நேரே பேஃபிரண்டில் இறங்கலாம். கார்டன்ஸ் பை தி பே தோட்டத்தில் 25 முதல் 50 மீட்டர் உயரமுள்ள செயற்கை மரங்களில் இரவு 7.45க்கும் 8.45க்கும் இசையோடு விளக்குகள் ஆடும். காசு கிடையாது. பெஞ்சில் உட்காராதீர்கள், மரங்களுக்கு நேர் கீழே, தரையில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள், பாதிப் பேர் அப்படித்தான் கிடப்பார்கள்.

சைனாடவுனில் நமக்கு என்ன இருக்கிறது?

இப்படிக் கேட்பவர்களைச் சவுத் பிரிட்ஜ் சாலைக்கு அழைத்துப் போக எனக்கு ஆசை. சீனர் பேட்டையின் நடுவில் ஒரு ராஜகோபுரம் நிற்கிறது. ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827இல் நாராயண பிள்ளை நிறுவியது. சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்தவர் அவர். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். கோயிலை ஒட்டிய சீனக் கடைத்தெருவுக்குப் பகோடா தெரு என்று பெயர். ‘பகோடா’ என்று அவர்கள் சொன்னது நம் கோபுரத்தைத்தான். சில அடிகள் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல். அதன் பக்கத்துத் தெருவுக்குப் பள்ளிவாசல் தெரு என்றே பெயர். சிறிது தூரத்தில் புத்தர் பல் ஆலயம். நாகூர் ஆண்டகையின் நினைவாக எழுப்பிய நாகூர் தர்கா, தெலுக் ஆயர் தெருவில் இருக்கிறது. நான்கையும் நடந்தே பார்த்துவிடலாம்.

கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். ஆகவே காலையில் போனால் கோயிலை முதலில் முடித்துவிட்டுக் கடைகளுக்குப் போங்கள்.

லிட்டில் இந்தியாவுக்கு ஏன் போக வேண்டும்? நம் ஊரே இந்தியாதானே?

நானும் முதல் முறை இப்படித்தான் கேட்டேன். அங்கே இருப்பது நம் ஊரின் நகல் அல்ல. தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் எருமைச் சாலை என்று ஒரு தெரு இருக்கிறது. மலாயில் எருமைக்குக் கெர்பாவ், அந்தப் பெயரிலும் ஒரு தெரு. மாட்டுத் தொழுவங்களும் கால்நடை வியாபாரமும் இருந்த இடம் என்பதன் மிச்சம் அது. ‘தேக்கா’ என்ற சொல்லோ ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தது. மூங்கில் அடிவாரம் என்று பொருள். சீனப் பெயருள்ள சந்தையில், மலாய்ப் பெயருள்ள தெருவைப் பார்த்தபடி, தமிழில் பேரம் பேசி முருங்கைக்காய் வாங்குகிறார்கள். பல வண்ணத்தில் பூசிய பழைய சீன வணிகர் வீடு ஒன்று, 1900இல் கட்டியது, கெர்பாவ் சாலையில் நிற்கிறது. லிட்டில் இந்தியாவில் மிக அதிகமாகப் படம் எடுக்கப்படும் கட்டடங்களில் ஒன்று அந்தச் சீன வீடு!

வெயில் ஏறும் நேரத்தில் கேம்பல் சந்தில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் போய்விடுங்கள். 2015இல் திறந்த அருங்காட்சியகம், திங்கட்கிழமை விடுமுறை. அங்கே செட்டிநாட்டு நிலைவாசல் ஒன்றை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சிறு உருவங்கள் செதுக்கிய மரவேலை. காரைக்குடிக்குப் பத்து முறை போயிருக்கிறேன். ஒரு நிலைவாசலின் எதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு அங்கே கிடைத்ததில்லை.

என்ன சாப்பிடலாம்? சைவம் கிடைக்குமா?

உணவங்காடி நிலையங்களில் சாப்பிடுங்கள். பல கடைகள், நடுவில் பொது மேசைகள். ஒருவர் ஐந்து முதல் பத்து வெள்ளிக்குள் வயிறாரச் சாப்பிடலாம். இந்த உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. காலி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் கிடந்தால் அது யாரோ மறந்துவிட்டுப் போனதல்ல, இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். நம் ஊர்ப் பேருந்தில் துண்டு போடுவதைப் போலத்தான். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துப்போய் உரிய இடத்தில் வைக்க வேண்டும். வைக்காமல் போனால் அபராதம் வரை போகும்.

தேக்கா உணவங்காடி நிலையத்தில் பிரியாணி, இடியாப்பம், பிராட்டா எல்லாம் உண்டு. பிராட்டா என்பது நம் பரோட்டாதான். அங்கே போய்ப் பெயரில் எழுத்து மாறி, மீன் குழம்போடும் சர்க்கரையோடும் சேர்ந்துகொண்டது. ரேஸ் கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறி பெயர் பெற்றது. கேரளத்துக்காரர் ஒருவர் சீன வாடிக்கையாளர்களுக்காக உருவாக்கிய உணவு என்பார்கள். மீன் தலை மேல் சீனர்களுக்குத் தனிப் பிரியம்.

காப்பி கேட்பதற்கு ஒரு தனி மொழி இருக்கிறது. ‘கோப்பி’ என்று மட்டும் சொன்னால் இனிப்பான கெட்டிப் பால் ஊற்றித் தருவார்கள். பால் இல்லாமல் வேண்டுமானால் ‘கோப்பி ஓ’. சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ கோசோங்’. சர்க்கரை நோய்க்காரர்கள் இந்தக் கடைசிச் சொல்லை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது.

சைவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் கவலையே இல்லை. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸ் உட்படப் பல உணவகங்கள் இருக்கின்றன. மற்ற இடங்களில் ‘காய்கறி’ என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் இறால் விழுது இருக்கும், கீரை வதக்கலில் சிப்பிச் சாறு இருக்கும், நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலி இருக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். பாட்டிலை வீணாக வாங்க வேண்டாம்.

முஸ்தபாவில் எதை வாங்கலாம்?

சையது ஆல்வி சாலையில் பல மாடிகளுடன் நிற்கும் கடைத்தொகுதி அது. முன்பு இரவு பகலாகத் திறந்திருந்தது. பெருந்தொற்றுக்குப் பிறகு காலை ஒன்பதரை முதல் பின்னிரவு இரண்டு வரை. ஃபேரர் பார்க் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். உள்ளே கொண்டுபோகும் பையின் வாயை வாசலில் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள், வாங்கிய பையையும் கட்டியே தருவார்கள். அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான். பாஸ்போர்ட்டும் கைபேசியும் அந்தப் பைக்குள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். நான் பெரும்பாலும் எடுப்பவை: கோடாரித் தைலம், வாசனைத் திரவியம், சாக்லேட், பயணப் பை, கைக்கடிகாரப் பிரிவில் வெறும் வேடிக்கை. கோடாரித் தைலம் சிங்கப்பூரின் சொந்தச் சரக்கு. 1928இல் தொடங்கிய உள்ளூர் நிறுவனத்துடையது. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ‘சிங்கப்பூர்க்காரர் வீடு’ எது என்று வாசலில் வீசும் அந்தப் பச்சைத் தைல மணத்தை வைத்தே சொல்லிவிடலாம். இப்போது நம் ஊரிலும் அது கிடைக்கிறது. ஆனாலும் பெரியம்மாவுக்கு அங்கிருந்து வந்த குப்பிதான் வேலை செய்கிறதாம்.

மின்னணுப் பொருள்களை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. விலை வித்தியாசம் பெரிதாக இல்லை; உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்று தனியாகக் கேட்க வேண்டும்; அங்குள்ள மூன்று சதுரமுனைச் செருகி நம் வீட்டுச் சுவரில் நுழையாது. துணிக்கும் சிறு பரிசுப் பொருள்களுக்கும் பூகிஸ் தெரு, சைனாடவுன் கடைகள் போதும். அங்கே பேரம் பேசலாம். ஆர்ச்சர்ட் சாலை பார்க்க அழகு. வாங்கப் பெரிய பணப்பை வேண்டும்.

வரியைத் திரும்பப் பெறலாமாமே?

பெறலாம். பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு. ஒரே கடையில் குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருந்தால் சுற்றுப்பயணிகள் திரும்பக் கேட்கலாம். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய மூன்று ரசீதுகள் வரை சேர்த்துக் கணக்குக் காட்டலாம். பணம் கட்டும்போதே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். நகலோ கைபேசியில் உள்ள படமோ போதும் என்று நினைத்து மூலத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

வரி விலையிலேயே சேர்ந்திருப்பதால் கணக்கு சிறிது ஏமாற்றும். 218 வெள்ளிக்கு வாங்கினால் அதில் வரி 18 வெள்ளி. சேவைக் கட்டணம் போக மிச்சம் வரும். சாங்கியில் அதற்கான இயந்திரங்கள் இருக்கின்றன. வாங்கியதைப் பெட்டியில் போட்டு அனுப்புவதானால், பெட்டியை ஒப்படைக்கும் முன்பே வெளிப்புற இயந்திரத்தில் பதிய வேண்டும். அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். கையோடு கொண்டுபோவதானால் உள்ளே போய்ப் பதியலாம். வரிசை முறை மாறினால் பணம் போனதுதான்.

வாங்கியதைக் கைப்பையில் வைக்கலாமா?

நீர்ப்பொருள் 100 மில்லிலிட்டருக்கு மேல் கைப்பையில் கூடாது என்பது தெரியும். எது நீர்ப்பொருள் என்பதில்தான் நான் தோற்றேன். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்துக் கிண்டும் காயா ஜாம் அக்காவுக்குப் பிடிக்கும். கண்ணாடிப் புட்டி உடையக் கூடாதே என்று துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். சோதனை மேசையில் அந்தப் பெண் அதிகாரி துணியைப் பிரித்து, புட்டியைச் சாய்த்தார். ஜாம் மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் ஜாமைப் பார்த்தேன். பக்கத்துத் தொட்டியில் ஏற்கெனவே அதே போன்ற இரண்டு புட்டிகள் இருந்தன. ரொட்டியில் தடவக்கூடிய எதுவும் கைப்பைக்கு ஆகாது என்று அன்று முதல் வைத்துக்கொண்டேன். கோடாரித் தைலத்தின் சிறு குப்பிகள் தப்பிவிடும்.

ஊரிலிருந்து கொண்டுபோகக் கூடாதவை என்ன?

சூயிங்கம் தடை 1992 முதல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது கசகசா. நம் அஞ்சறைப் பெட்டிச் சரக்கு அங்கே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்த் தடைசெய்யப்பட்டது. மெல்பர்னுக்குக் குருமா பொடி கட்டும் அம்மாக்கள் இதைப் பெரிய எழுத்தில் படிக்கவும். குட்கா, கைனி போன்ற மெல்லும் புகையிலைக்கும் மின்சிகரெட்டுக்கும் தடை உண்டு. சிகரெட்டுக்கு வரிச்சலுகை ஒரு துண்டுக்கும் கிடையாது. இருந்தால் சொல்லி வரி கட்ட வேண்டும். முன்பின் தெரியாதவர் ‘இதை மட்டும் எடுத்துப்போங்கள்’ என்று எதைத் தந்தாலும் வாங்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனை வரை உண்டு.

ரயிலில் சாப்பிட்டால், தண்ணீர் குடித்தால்கூட அபராதம். கடும் வாடை வீசும் டுரியான் பழத்தோடு ஏறவும் கூடாது.

தங்கம் வாங்கலாமா?

சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் வேலைப்பாடு நன்றாக இருக்கும். 916 என்று முத்திரை இட்டது நம் 22 காரட். நகைக்கு 9 விழுக்காடு வரி உண்டு; முதலீட்டுத் தரமுள்ள தங்கக் கட்டிக்கு இல்லை. ஆனால் இந்தியாவில் இறங்கும்போது பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் என்ற நகைச் சலுகை, ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துத் திரும்புபவர்களுக்குத்தான். ஒரு பகல் சுற்றிவிட்டு வருபவருக்கு அது கிடையாது. சுங்கவரியைக் கூட்டிப் பார்த்தால் திருச்சி கடைவீதியே மேல்.

ஞாயிற்றுக்கிழமை போகலாமா? கூட்டமாக இருக்கும் என்கிறார்களே?

இருக்கும். கட்டுமானத்திலும் கப்பல் தளங்களிலும் வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்றால் அது பெரும்பாலும் அன்றுதான். பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசை, திடலில் வட்டமாக உட்கார்ந்து பேச்சு, ரயிலில் கால் வைக்க இடமில்லை. அவசரமாக வாங்கிக் கிளம்ப வேண்டியவர்கள் வேறு நாளில் போகட்டும். எனக்கு மட்டும் கேட்டால் ஞாயிறு மாலைதான் பிடிக்கும்.

சென்ற முறை முஸ்தபாவின் பைப் பிரிவில் எனக்கு முன்னால் ஓர் இளைஞர் நின்றிருந்தார். கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அடுக்கு முழுவதையும் காணொளியில் காட்டிக்கொண்டிருந்தார். மறுமுனையில் ஒரு சிறுமி. “நீலமா, சிவப்பா?” என்று கேட்டார். கொஞ்ச நேரம் ஓசையே இல்லை. பிறகு, “ரோஸ் இல்லையா அப்பா?” என்று குரல் வந்தது. அவர் கையிலிருந்த இரண்டு பைகளையும் திரும்ப மாட்டிவிட்டு, அடுத்த அடுக்கைத் தேடிப் போனார்.